ஆற்றங்கரை வீட்டுக்காரர்

முதன்முதலில் நான் அவரைக் கண்ட அன்று, தன் சொந்த வீட்டுக்குள் வருவதற்கு அவர் என்னிடம் அனுமதி கேட்டார்.

பங்குனி வெயில். தொண்டைமானாற்றுக் கரையில் முப்பது வருடத்துக்குக் கிட்டச் சொந்தக்காரர் இல்லாமல் கிடந்த ஒரு காணிக்குள் அளவு நாடாவோடு நின்றேன். அப்போது எனக்கு நெல்லியடியில் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை. கனடாவிலிருந்து சுகந்தி என்ற பெண் தொலைபேசியில் கதைத்து, தன் தகப்பனின் பழைய வீட்டைத் திருத்தப்போவதாகவும், முதலில் அளந்து படம் கீறித் தரவேண்டும் என்றும் கேட்டிருந்தார். நாற்பத்தெட்டுப் பரப்புக் காணி, மூன்று ஏக்கர். ஆமிக்காரர் விட்டுப்போய் இரண்டு வருடமாகியிருந்தது. வீட்டுக்குக் கூரையில்லை. நடு அறையில் எருக்கலை பூத்திருந்தது. குசினிச் சுவரில் யாரோ ஒரு சிப்பாய் லீவுக்கு நாள் எண்ணிக் கரியால் கீறிய கோடுகள் வரிசை வரிசையாகக் கிடந்தன.

ரோட்டுப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. திரும்பினேன். வெள்ளைச் சாரம், அரைக்கைச் சேட், கக்கத்தில் மடித்த குடை. அறுபத்தைந்து வயது மதிக்கலாம். வேலியும் இல்லை, கேற்றும் இல்லை. விரும்பிய பக்கத்தால் உள்ளே வரலாம். அவரோ முன்பு கேற் இருந்த இடத்தில், அதன் இரண்டு தூண்களின் அடிக்கட்டைகளுக்கு நடுவில் நின்றார்.

"பிள்ளை, வரலாமோ?"

மாடு தேடி வந்தவர் என்று நினைத்தேன்.

"வாங்கோ ஐயா. ஆரைத் தேடுறியள்?"

"ஒருத்தரையும் இல்லை. சும்மா பாக்க வந்தனான். நீங்கள் வேலையாய் நிக்கிறியள் போல. பேந்து வரட்டோ?"

"நீங்கள் ஆர்?"

"இஞ்சை முந்தி இருந்தனாங்கள்" என்றார்.

சுகந்தியின் தகப்பன் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் சுட்டது. "உங்கடை காணிக்குள்ளை வர என்னட்டையே கேக்கிறியள்?" என்றேன்.

"உங்களிட்டைத்தானே பிள்ளை நாடா இருக்கு" என்றார். பகிடியாகச் சொன்னாரோ, உண்மையாகத்தான் சொன்னாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அவரை மாமா என்று கூப்பிடத் தொடங்கினேன். திருத்த வேலை பதினான்கு மாதம் நடந்தது. அந்தப் பதினான்கு மாதமும் அவர் ஒவ்வொரு காலையும் பருத்தித்துறையில் இருந்த வாடகை அறையிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஒவ்வொரு காலையும் அதே இடத்தில் நின்று இருமினார். வேலையாட்கள் அவருக்கு 'வரலாமோ அண்ணை' என்று பெயர் வைத்தார்கள். முதலில் நக்கலாகத்தான். சில மாதங்களில் அந்த நக்கல் எப்படியோ கழன்று, வெறும் பெயர் மட்டும் மிஞ்சியது.

எதற்கும் கேட்பார். வாளியில் தண்ணீர் அள்ள மேசனிடம் கேட்பார். பூசிய சுவரைத் தொடலாமோ என்று கேட்பார். கதிரை வெறுமையாக இருந்தாலும் "ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் இருப்பார். ஒருநாள் அவரோடு பஸ்ஸில் போனபோது, பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்க, கொண்டக்டரிடம் "தம்பி, உதிலை இருக்கலாமோ?" என்று கேட்டதை என் கண்ணால் கண்டேன். "ஏன் அப்பு, சீற் பிடிக்கேல்லையோ?" என்றான் அவன்.

தொண்டைமானாறு பெயரில்தான் ஆறு, உண்மையில் அது கடல்நீரேரி என்று வெளியூர்க்காரர் சொல்வார்கள். எங்களுக்கு அது ஆறுதான். மாரியில் வெள்ளம் சேர்ந்து கடலுக்குப் போகும். கோடையில் அசையாமல் கிடக்கும். தை மாசியில் எதிர்க்கரைக் கண்டல் மரங்களுக்கு அப்பால் பூநாரைகள் வந்து நிற்கும். இந்த ஆற்றைக் காட்டித்தான் சுகந்தி வீட்டை விருந்தாளிகள் தங்கும் இடமாகத் திருத்த நினைத்தார். சனி ஞாயிறில் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள், கோடை விடுமுறைக்கு வெளிநாட்டுச் சனம் வரும், கயாக் படகு விடலாம், சைக்கிள் ஓடலாம், கூடாரம் அடிக்கலாம், பறவை பார்க்கலாம். அப்பா வீட்டில் ராசா மாதிரி இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். இதுதான் சுகந்தியின் கணக்கு.

பழைய முருகைக்கல் சுவர்களை இடிக்காமல் காப்பாற்றினோம். ஓட்டுக் கூரை போட்டோம். ஆற்றுப் பக்கத்து முன் அறைக்கு அகலமான கண்ணாடிக் கதவு வைத்தேன். படுத்திருந்தே தண்ணீரைப் பார்க்கலாம். அந்த அறை அப்பாவுக்கு என்று சுகந்தி படத்தில் தன் கையால் எழுதி அனுப்பியிருந்தார்.

நான் அதை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாயிருக்கு. இது வாறவைக்கு இருக்கட்டும் பிள்ளை. அங்கை கிணத்து மோட்டர் அறையோடை ஒரு சாய்ப்பு இறக்கினால் எனக்குக் காணும். ஒரு கட்டில் போட இடம் வருமோ?"

சுகந்தி வீடியோவில் அழுதார். "அப்பா, அது உங்கடை வீடு அப்பா! மோட்டருக்குப் பக்கத்திலை ஆரப்பா படுக்கிறது?"

"ஓம் பிள்ளை, ஓம்" என்றார் மாமா. மோட்டர் அறைச் சுவரோடு சரிவுக் கூரை போட்டுச் சாய்ப்பு இறக்கப்பட்டது. கட்டிலும் அங்கேதான் போனது. எல்லோருக்கும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசையவில்லை.

கேட்டுக் கேட்டு வாழ அவருக்கு எப்படிப் பழகியது என்பதைத் துண்டு துண்டாகத்தான் அறிந்தேன். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் இரண்டு முகாம், ஒரு பள்ளிக்கூட மண்டபம், ஏழு வீடு. ஒவ்வொரு வீட்டின் சட்டமும் அவருக்கு மனப்பாடம். ஒரு வீட்டில் ஆறு மணிக்குப் பிறகு கிணற்றில் அள்ளக் கூடாது. இன்னொரு வீட்டில் பிள்ளை அழக் கூடாது. சுகந்தி அப்போது கைக்குழந்தை. நீர்வேலியில் ஒரு சைவ வீட்டில் மீன் சமைக்கக் கூடாது.

"நாங்கள் கடற்கரைச் சனம். பதினொரு மாசம் மீன் மணம் இல்லாமல் இருந்தனாங்கள். அந்த மனிசன் நல்லவர். ஒவ்வொரு வெள்ளியும் வாழைப்பழம் தருவார்" என்று சிரித்தார்.

எல்லா வீட்டுக்கும் பொதுவான சட்டம் ஒன்று இருந்ததாம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. புது வீடு முடிந்து பால் காய்ச்சிய மறுநாள், நெல்லியடிக்கு என்னைத் தேடி வந்தார். அலுவலக வாசலில் நின்று இருமினார். கையில் சுருட்டிய கலண்டர் ஒன்று.

"பிள்ளை, உந்தச் சாய்ப்புச் சுவரிலை ஒரு ஆணி அடிக்கலாமோ? சின்ன ஆணி."

இதைக் கேட்க இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

ஆனால் அவர் கேட்பதால் சில காரியங்கள் நடந்ததும் உண்டு. மகேந்திரன் என்ற மீன்பிடிகாரர், அந்தக் கரை வெறுமையாகக் கிடந்த இரண்டு வருடமும் தன் வள்ளத்தை அங்கேதான் கட்டினார். வலையையும் அங்கேதான் காயப்போட்டார். வீட்டுக்காரர் வந்துவிட்டார்கள், இனித் துரத்துவார்கள் என்று அவர் சண்டைக்கு ஆயத்தமாக இருந்தார். நாங்கள் இறங்குதுறை கட்டப்போன நேரம் மாமா நேரே மகேந்திரன் வீட்டுக்குப் போனார். நானும் படத்தைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

"தம்பி, துறை ஒண்டு கட்டப்போறம். உங்கடை வள்ளத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் எவ்விடத்திலை கட்டலாம்?"

மகேந்திரன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்து, மண் இறுகிய இடம் எது, சேறு எது, மாரியில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று எல்லாவற்றையும் காட்டித் தந்தார். துறை அவர் சொன்ன இடத்தில்தான் எழும்பியது. அவருடைய வள்ளமும் அதே துறையில்தான் நின்றது. விருந்தாளிகளுக்கு விடியற்காலை மீனும் இறாலும் அந்த வள்ளத்திலிருந்தே வந்தன.

"என்ன சண்டை பிடிக்கிறதக்கா அவரோடை?" என்று பிறகு ஒருநாள் மகேந்திரன் என்னிடம் சொன்னார். "எங்கடை அப்பா கூட என்னட்டை உப்பிடி ஒரு சொல்லுக் கேட்டதில்லை."

வீடு ஓடத் தொடங்கியது. சுகந்தி கேட்டதால் சனி ஞாயிறுகளில் நானே போய் ஆட்களை வரவேற்று, அறை காட்டி, சைக்கிள் கொடுத்து, பதிவுகளைப் பார்த்துக்கொண்டேன். அங்கேதான் மாமாவின் குணத்துக்கு மறுபக்கம் ஒன்று இருப்பதைக் கண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் வந்தபோது அவர் வல்வெட்டித்துறைப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பின் கரியரில் ஐஸ் மூட்டை. தண்ணீர் ஒழுகி, சாரம் நனைந்து, முகம் கறுத்துப் போயிருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவரைக் காவல்காரர் என்று நினைத்து, கடைக்குப் போய் வரச் சொல்லியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "நான்தான் வீட்டுக்காரன் எண்டு சொல்லவேண்டியதுதானே மாமா?"

"அவை ஐஸ்தானே பிள்ளை கேட்டவை. நான் ஆர் எண்டு கேக்கேல்லையே."

அவரால் கேட்கத்தான் முடியும். மறுக்க முடியாது. யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார். கோயில் திருவிழாவுக்கு யாரோ கூடாரம் கேட்டு வாங்கிப்போய், அதற்குள் அடுப்பு மூட்டி, கரி பிடித்துத் திருப்பித் தந்தார்கள். சைக்கிள் இரவல் போய் வாரக்கணக்கில் வராது. மரத்திலிருந்த மாங்காய் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. "கேட்டவை பிள்ளை" என்பார். அந்த இரண்டு சொல்லோடு விசாரணை முடிந்துவிடும். முதலில் இதைப் பணிவு என்று நினைத்து மெச்சியவள் நான். பிறகு எனக்கு அதில் ஒரு பயம் பிடித்தது. காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் திறந்துகொள்கிற கதவு போல இருந்தார்.

அதனால் சட்டங்களை ஒரு பலகையில் நானே எழுதித் துறையில் அறைந்தேன். முதலாவது சட்டம் கயாக்கைப் பற்றியது. எங்கள் துறையிலிருந்து அரை மைல் தூரத்தில், ஆறு கடலைத் தொடும் இடத்தில் அணை இருக்கிறது. மாரியில் வெள்ளம் ஏறினால் அதன் கதவுகளைத் திறந்துவிடுவார்கள். அப்போது ஆறு அமைதியாகக் கிடப்பது போலத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அடியில் எல்லாத் தண்ணீரும் அந்தக் கதவுகளை நோக்கி இழுபடும். அணைக் கதவு திறந்திருக்கும் நாட்களில் கயாக் இறக்கக் கூடாது என்று சிவப்புப் பெயின்றில் எழுதி, கயாக் பூட்டின் திறப்பை மாமாவின் கையில் கொடுத்தேன்.

அந்தக் கார்த்திகையில் ஆறு நாள் விடாமல் மழை. ஏழாம் நாள் வானம் வெளித்து நல்ல வெயில் எறித்தது. லண்டனிலிருந்து வந்த ஒரு தம்பதியும் அவர்களுடைய ஒன்பது வயது மகளும் தங்கியிருந்தார்கள். ஆறு நாளும் அறைக்குள் அடைபட்டுக் கிடந்த பிள்ளை. நான் மத்தியானம் நெல்லியடிக்குச் சாமான் வாங்கப் போனேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது மாமா துறையின் கடைசிப் பலகையில் நின்றார். பக்கத்தில் பிள்ளையின் தாய், கையில் போனோடு. வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், எடுப்பதை நிறுத்தியிருந்தார்.

தகப்பனும் மகளும் இருந்த மஞ்சள் கயாக் ஆற்றின் நடுவில் தெரிந்தது. தகப்பன் எங்கள் பக்கம் திரும்பி வேகமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கயாக்கோ எங்களை விட்டு விலகிக்கொண்டே போனது.

"அவை கேட்டவை பிள்ளை" என்றார் மாமா. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒருக்கால் ஏலாது எண்டு சொன்னனான். பேந்தும் கேட்டவை. கரையோடைதான், பத்து நிமிசம் எண்டவை."

மகேந்திரனின் வள்ளம் துறையில் எஞ்சினோடு நின்றது. மகேந்திரன் மயிலிட்டியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். நான் அவருக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாம் முறை அடித்தேன். "மகேந்திரனைக் கேக்கவேணும் மாமா, நில்லுங்கோ" என்று நான்தான் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் நிற்கவில்லை. வலைப் பெட்டியிலிருந்த கத்தியை எடுத்து ஒரே வெட்டில் கயிற்றை அறுத்தார். அந்த வயதில் அவர் வள்ளத்துக்குள் பாய்ந்ததைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். இரண்டு தரம் இழுத்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. மூன்றாம் தரம் பிடித்தது.

நான் விருந்தாளிகளுக்கான சைக்கிளில் அந்தப் பெண்ணைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கரைப்பாதையால் மிதித்தேன். அவர் என் சட்டையைப் பிடித்தபடி பிள்ளையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் அணையடிக்குப் போகும்போது கயாக் கவிழ்ந்திருந்தது. தகப்பன் ஒரு கையால் கயாக்கையும் மறு கையால் மகளின் மிதவைச் சட்டையையும் பிடித்திருந்தார். திறந்த கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில் நாலு பாகம், இருபத்துநாலு அடி தூரமும் இருக்காது. மாமா வள்ளத்தை அந்த இடைவெளிக்குள் விட்டார். தண்ணீர் வள்ளத்தைப் பக்கவாட்டில் தள்ளிச் சீமெந்துத் தூணோடு அறைந்தது. எஞ்சின் கல்லில் அடிபட்டு நின்றுபோனது. அடைத்து நின்ற வள்ளத்தில் வந்து மோதியபடியால்தான் தகப்பனும் மகளும் கதவுக்குள் போகாமல் நின்றார்கள். அணைக்கு மேலிருந்த பாலத்தில் நின்றவர்கள் கயிறு எறிந்தார்கள். முதலில் பிள்ளை ஏறியது. பிறகு தகப்பன். கடைசியாக மாமா.

அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் வள்ளத்துக்கும் தூணுக்கும் நடுவில் நசிந்து போயிருந்தன. ஆஸ்பத்திரியில் அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, கட்டுப்போட்ட கையோடு, மகேந்திரன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தார். நான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் வாசலில் நின்றுதான் இருமினார்.

"தம்பி, நான் கேக்காமல் எடுத்தனான்."

மகேந்திரன் ஓடிவந்து அவருடைய நல்ல கையைப் பிடித்தார். "என்ன அண்ணை கதைக்கிறியள்? வள்ளம் கிடக்கட்டும். உள்ளை வாங்கோ."

"கயிறும் புதுக் கயிறு. அறுத்துப்போட்டன்."

"அண்ணை, உள்ளை வாங்கோ எண்டு சொல்லுறன்!" மகேந்திரனின் மனைவி வந்து தோளைப் பிடித்தார். இரண்டு பேருமாக அவரைக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார்கள். அந்த வள்ளத்தை லண்டன்காரர் பொறுப்பெடுத்துக் குருநகரில் திருத்துவித்தார். அது இன்றைக்கும் ஓடுகிறது.

திரும்பி வரும் வழியில் ஆற்றங்கரையில் ஒரு மதகுத் திண்டில் கொஞ்ச நேரம் இருந்தோம். அப்போதுதான் அவர் தன் மனைவியைப் பற்றிக் கதைத்தார். அதற்கு முன் ஒருநாளும் கதைத்ததில்லை.

"அவ செத்தது நாங்கள் ஆறாவது வீட்டிலை இருக்கேக்கை. விடியப்புறம். ஆஸ்பத்திரியிலையிருந்து பெட்டியோடை வான் பிடிச்சுக் கொண்டு வந்தனான். வானை ரோட்டிலை நிப்பாட்டிப்போட்டு உள்ளை போய், விறாந்தையிலை வைக்கலாமோ எண்டு வீட்டுக்காரரைக் கேட்டன். அவைக்கு அடுத்த கிழமை மகளின்ரை கலியாணம். ஏலாது எண்டிட்டினம். அவையிலை பிழை சொல்லேலாது பிள்ளை. கலியாண வீடு."

"பேந்து?"

"ஒழுங்கையிலை தறப்பாள் கட்டி வைச்சம். சுகந்திக்கு அப்ப பதினேழு."

தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து மற்றக் கையால் மூடியிருந்தார்.

"நான் கேக்காமல் நேரே கொண்டுபோய் வைச்சிருந்தால் அவையும் ஒண்டும் சொல்லியிருக்காயினம். ஆர் பிரேதத்தைத் தூக்கு எண்டு சொல்லுவினம்? கேட்டபடியால்தான் ஏலாது எண்டு சொன்னவை. உதை இத்தனை வருசமாய் நான் யோசிக்கேல்லை. முந்தாநாள் கயிறு அறுக்கேக்கைதான் யோசிச்சன்."

எழும்பி நடந்தோம்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு சுகந்தி பயந்துவிட்டார். வீட்டை ஒரு ஹோட்டல்காரருக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, அப்பாவைக் கனடாவுக்கு எடுப்பது என்று முடிவெடுத்தார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஒழுங்கையில் தறப்பாளுக்குக் கீழே தாயைப் பார்த்த பிள்ளை, தகப்பனை ஆற்றில் விட நினைப்பாரா? மாமாவும் வழக்கம்போல "ஓம் பிள்ளை, பாப்பம்" என்றுதான் சொல்லியிருந்தார்.

கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் படங்களோடு நின்றேன். மாமா அவர்களுக்கு எல்லா இடமும் காட்டினார். கிணறு, மாமரங்கள், கூடாரம் அடிக்கும் வெளி, துறை. காணியைச் சுற்றி ஆறடி மதில் கட்டலாம், கரையோடு எட்டுச் சின்ன வீடுகள் எழுப்பலாம், அந்த மீன் வள்ளத்தை அப்புறப்படுத்த வேண்டும் என்று அவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டு வந்தார்கள். முன் அறையில் எல்லோரும் இருந்தோம். மாமாதான் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மூன்று விரலால் தட்டைப் பிடிக்க அதற்குள் பழகியிருந்தார்.

வந்தவர்களில் மூத்தவர் நல்ல மாதிரிதான் கதைத்தார். "ஐயா, நீங்க கனடா போக விருப்பமில்லன்னா இங்கேயே இருக்கலாம். தோட்டத்தப் பாத்துக்குற மாதிரி ஒரு வேலை போட்டுத் தரோம்."

மாமா தலையாட்டினார். இந்த மனிதர் இதற்கும் ஓம் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ" என்றார். அவர்கள் குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்தார். பிறகு சொன்னார்: "வீடு குடுக்கிறதாய் இல்லை."

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் படத்தைப் பார்த்தேன்.

"உங்க மகளோட பேசிட்டுத்தானே ஐயா வந்தோம்?"

"மகள் கேட்டவ. நான் ஓம் எண்டு சொல்லேல்லை."

"ஏன் ஐயா? ஏதாவது பிரச்சினையா?"

"ஒரு பிரச்சினையும் இல்லை. நான் இஞ்சை இருக்கிறன்."

குரல் உயரவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் அவருடைய நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. வந்தவர்கள் போனபின் கதிரையிலேயே நெடுநேரம் இருந்தார். ஏதோ பாரம் சுமந்து வந்தவர் போல மூச்சு வாங்கினார். அன்று பின்னேரம் சுகந்தி எனக்குப் போன் எடுத்து, "அப்பா என்னோடை சண்டை பிடிச்சிட்டாரக்கா" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று விளங்கவில்லை. "ஏலாது எண்டு சொன்னவர். என்னட்டை! பிறந்ததிலையிருந்து முதல் தரம்."

கயாக் பூட்டின் திறப்பை அதன்பின் அவர் அரைஞாணில் கட்டிக்கொண்டார். அணைக் கதவு திறந்த நாட்களில் யார் எத்தனை தரம் கேட்டாலும் "ஏலாது" என்பார். அந்தச் சொல் அவர் வாயில் ஒருநாளும் இயல்பாக வரவில்லை; தொண்டையைச் செருமி, ஆளின் முகத்தைப் பார்க்காமல், துறைப் பலகையைப் பார்த்துத்தான் சொல்வார். ஆனாலும் சொன்னார். இணையத்தில் ஒருவர் எங்கள் வீட்டைப் பற்றி எழுதியிருந்தார்: இடம் அருமை, இறால் கறி அருமை, கிழவர் பொல்லாதவர். அதை வாசித்துக் காட்டினேன். இன்னொருக்கால் வாசி என்றார்.

மற்றவர் வீட்டு வாசல்களில் இருமுவதை அவர் விடவில்லை. நான்கு வருடம் கழித்து, ஒரு ஆடி மாதம், நெஞ்சு நோவென்று படுத்தவர் எழும்பவில்லை. சுகந்தி வந்தார். நடு அறையில் பெட்டி வைத்து, இரண்டு நாள், ஊரெல்லாம் வந்து போனது. மகேந்திரன் துறையில் வள்ளத்தைக் கட்டிவிட்டு இரண்டு நாளும் கடலுக்குப் போகவில்லை. வீடு இப்போதும் நடக்கிறது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

அவரை நினைக்கும்போது அணையடியோ ஆஸ்பத்திரியோ எனக்கு முன்னால் வருவதில்லை. ஹோட்டல்காரர் வந்துபோன அடுத்த வைகாசியில் ஒரு மத்தியானம்தான் வருகிறது. விருந்தாளிகள் எல்லோரும் நயினாதீவுக்குப் போயிருந்தார்கள். நான் தோய்த்த படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆற்றுப் பக்கத்து முன் அறையின் கண்ணாடிக் கதவுகள் இரண்டும் விரியத் திறந்து கிடந்தன. ஆற்றுக் காற்று வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நட்ட நடுவில், குளிர்ந்த சீமெந்துத் தரையில், சேட்டைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு மாமா மல்லாந்து கிடந்தார். கைகள் இரண்டு பக்கமும் விரிந்து, கால்கள் ஆளுக்கொரு திசையில், வாய் திறந்து, அறை அதிரக் குறட்டை.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். முன்பக்கத்தால் போகாமல் வீட்டைச் சுற்றிப் பின்பக்கத்தால் போய், விரிப்புகளைச் சத்தமில்லாமல் இறக்கிவைத்தேன். தேத்தண்ணீர் விடாய் எடுத்தது. ஆனால் எங்கள் கேத்தல் கொதித்தால் கூவும். அடுப்பை மூட்டாமல் குசினிப் படியில் இருந்தேன். அவர் நாலு மணிக்குத்தான் எழும்பினார்.